கடைசி அரை அங்குலம்

கிள்ளான் நகரை விட்டு முக்கால் மணி நேரம் நடந்த பிறகுதான் முதல் சொட்டைக் கண்டேன். ஹைவேயின் இடது ஓரத்தில், வெள்ளைக் கோட்டுக்குச் சற்று உள்ளே, பத்து காசு அகலத்தில் சிவப்பாகக் கிடந்தது. குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தேன். ஆட்டோ கியர்பாக்ஸில் ஊற்றுகிற எண்ணெய். என் இரண்டு கையிலும் முழங்கை வரை அதே வாசனைதான். நாற்பது எட்டு வைத்ததும் இன்னொரு சொட்டு கிடந்தது.

கையில் ஒரு டின் வைத்திருந்தேன். அதிலும் அதே எண்ணெய், பாதிக்கு மேல். அதைத் தவிர ஒரு கைலியும் இரண்டு சட்டையும் திணித்த பிளாஸ்டிக் பை. நான் வேலை செய்த ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வந்தது அவ்வளவுதான். டின்னை முதலாளியிடம் கேட்காமல் எடுத்தேன்.

அது எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டோ இருபத்து மூன்றோ. ரவாங் பக்கத்து எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். போர்ட் கிள்ளானில் மூட்டை தூக்கினேன், மீன் படகுகளுக்கு ஐஸ் உடைத்தேன், லோரியில் சரக்கு ஏற்றி இறக்கும் ஆளாகப் போனேன். எதிலும் ஒரு வருஷம் தங்கியதில்லை. யாரும் துரத்தவில்லை, நானாகவே கிளம்பிவிடுவேன். கிள்ளானில் இந்த லோரி ஒர்க்‌ஷாப்பில் மட்டும் பதினான்கு மாதம் இருந்தேன். படுக்கை பழைய லோரி கேபினில். மழை பெய்தால் ஒழுகாத கேபினாகப் பார்த்து மாறிக்கொள்வேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு முன்னால் அந்தச் சொட்டுகளைப் போட்டுக்கொண்டு போன கார், கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் இருந்த ஒரு பெரியவருடையது.

அவர் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், யாழ்ப்பாணத்துக் குடும்பம். சர்க்கரை வியாதியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. கட்டைக் கால் மாட்டிக்கொண்டு கைத்தடியோடு நடப்பார். கிளட்சை மிதிக்கக் கால் இல்லாததால் அவரால் ஓட்ட முடிந்தது அந்த ஒரு கார்தான். அறுபதுகளில் வந்த பெரிய இங்கிலீஷ் கார், கரும்பச்சை நிறம், ஆட்டோ கியர். கோலாலம்பூரில் நாலைந்து ஒர்க்‌ஷாப்புகள் சாமான் கிடைக்காது என்று கைவிரித்த பிறகு, யாரோ சொல்லி எங்களிடம் வந்தார். எங்களுக்கும் ஆட்டோ கியர்பாக்ஸ் தெரியாது. அதை முதலாளி அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காரைக் கொண்டுவந்து விட்டபோதே பெரியவர் விஷயத்தை உடைத்துச் சொன்னார்.

"கீழால எண்ணெய் ஒழுகுது. போன மாசம் ரெண்டு தரம் வழியில நின்டு போச்சு. இன்னொருக்கா நின்டா வித்துப்போடுவன் எண்டு மகன் சொல்லிப்போட்டான். இப்ப அவன் பினாங்குக்கு வேலையாப் போயிருக்கிறான். வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலரை மணிப் பிளேனில வாறான். அவன் வரக்குள்ள கார் வீட்டுப் போர்ச்சில நிக்க வேணும். அவ்வளவுதான் நான் கேக்கிறது."

"கவலையே படாதீங்க அங்கிள்," என்றார் முதலாளி. "லோரி கியர்பாக்ஸையே நெஞ்சுல வச்சு ஏத்துறவன் நான். இது என்ன லா, சின்னப் பிள்ளை வண்டி."

"சின்னப் பிள்ளையளைத்தான் கவனமாத் தூக்க வேணும்," என்றார் பெரியவர்.

கோளாறு சின்னதுதான். ஆட்டோ காரில் கிளட்ச் இருக்கிற இடத்தில் கன்வெர்ட்டர் என்று ஒன்று இருக்கும். பூசணிக்காய் போன்ற இரும்பு உருண்டை, உள்ளே எண்ணெய். அதன் கழுத்து, கியர்பாக்ஸின் பம்புக்குள் போய் உட்காரும். அந்தக் கழுத்தைச் சுற்றியிருந்த ரப்பர் சீல் தேய்ந்து எண்ணெய் கசிந்தது. சீலை மாற்றினால் போதும். ஆனால் மாற்றுவதற்குக் கியர்பாக்ஸ் முழுவதையும் இறக்க வேண்டும். இறக்கினோம். அந்தச் சீலைத் தேடிப் பிடிக்க வியாழக்கிழமை மாலை ஆகிவிட்டது.

வெள்ளி காலை ஆறு மணிக்கே ஆரம்பித்தோம். முதலாளிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. ரிப்பேர் முடிந்த எந்த வண்டியும் ராகு காலத்தில் வாசலைத் தாண்டக் கூடாது. ஒருமுறை அப்படிப் போன மணல் லோரி காப்பார் ரோட்டில் கவிழ்ந்ததாம். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரைக்கு ஆரம்பம். பன்னிரண்டுக்கு மேல் விடலாம்தான். ஆனால் மத்தியானம் கார் நின்ற இடத்துக்கு ஒரு லோரி வருவதாக இருந்தது. பெரியவரையும் பத்து மணிக்கு வரச் சொல்லியாகிவிட்டது.

எட்டு மணிக்குக் கியர்பாக்ஸை ஜாக்கில் ஏற்றி இஞ்சினோடு சேர்த்தோம். அரை அங்குலம் மிச்சம் இருக்கும்போது நின்றுவிட்டது. லோரி கியர்பாக்ஸும் இப்படி அடம் பிடிக்கும். அப்போது இரண்டு பக்கமும் நீளமான போல்ட்டைப் போட்டு மாற்றி மாற்றி இறுக்குவோம். கியர்பாக்ஸ் இழுபட்டு வந்து இஞ்சினோடு ஒட்டிக்கொள்ளும். நூறு தடவை செய்த வேலை.

ஆனால் இது லோரி இல்லை. கழற்றிய அன்று நான் கையால் தடவிப் பார்த்திருந்தேன். கன்வெர்ட்டர், கியர்பாக்ஸ் வாயின் விளிம்பிலிருந்து ஒரு விரல் பள்ளத்தில் உட்கார்ந்திருந்தது. அதன் கழுத்தில் இரண்டு வெட்டு, பம்பில் இரண்டு பல். பல் வெட்டுக்குள் விழுந்தால்தான் அது முழுதாக இறங்கும். இன்றைக்கு ஜாக்கில் ஏற்றும்போது அது விளிம்போடு சமமாக நின்றது. விரல் வைக்க இடமில்லை.

"பாஸ், உள்ள இன்னும் இறங்கணும் போல," என்றேன்.

"மணியைப் பாத்தியா?"

"எட்டரை."

"அப்ப போல்ட்டை இறுக்கு. அது என்ன உனக்கு மாமனா மச்சானா, வாங்க வாங்கன்னு கூப்பிட்டு உள்ள அனுப்புறதுக்கு?"

நான்தான் இறுக்கினேன். இடது பக்கம் கால் சுற்று, வலது பக்கம் கால் சுற்று. இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. ஒட்டப் போகிற சமயத்தில் உள்ளே ஒரு சத்தம். பாக்குவெட்டியில் கொட்டைப் பாக்கு உடைவது போல. ஸ்பேனர் வழியாக அது என் மணிக்கட்டுக்கும் வந்தது. முதலாளியைப் பார்த்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு ஒன்றரை மணி நேரம் காருக்கு அடியில் கிடந்து வேலை செய்தேன். ஒவ்வொரு போல்ட்டுக்கும் இடையில் அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்வதற்கு நேரம் இருந்தது.

பத்து மணிக்குப் பெரியவர் டாக்சியில் வந்து இறங்கினார். இஞ்சினைப் போட்டதும் கார் ஓடியது. முன்னால் போனது, பின்னால் வந்தது. அடியிலிருந்து மட்டும் நாய் தூரத்தில் ஊளையிடுவது போல ஒரு மெல்லிய சத்தம்.

"இதென்ன சத்தம்?" என்று பெரியவர் கேட்டார்.

"புது சீல் அங்கிள். ரெண்டு நாள் கத்தும், அப்புறம் அடங்கிடும்," என்றார் முதலாளி.

நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டித் தேங்காய் உடைத்தார். பெரியவர் சீட்டில் உட்கார்ந்து, கட்டைக் காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"தம்பி, நீர்தானே கீழ கிடந்து பூட்டினது? வீடு போய்ச் சேருமோ?"

"போகும் ஐயா," என்றேன்.

பழங்கள் நசுங்கின. கார் பத்து இருபதுக்கு வாசலைத் தாண்டியது. அது நின்ற இடத்தில், நசுங்கிய எலுமிச்சைத் தோலின் மேல் சிவப்பாக எண்ணெய் பரவிக் கிடந்தது. முதலாளி பார்த்தார், நானும் பார்த்தேன். அவர் ஒரு கை மரத்தூளை அள்ளி அதன் மேல் தூவினார்.

"பழைய எண்ணெய். மிச்சம் இருந்தது ஒழுகுது," என்றார்.

நான் கேபினுக்குப் போய்ப் பையை எடுத்தேன். டின்னையும் எடுத்தேன். வாசலில் என்னைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"எங்கடா?"

"போறேன் பாஸ்."

"ராகு காலத்துல கிளம்புறவன் உருப்பட்டதா சரித்திரம் இல்ல."

"காரைத்தான் முன்னாடியே அனுப்பிட்டோமே பாஸ். அது உருப்படட்டும்."

அவர் கையில் இருந்த துணியை என் மேல் எறிந்தார். அது என் மேல் படவில்லை.

முதலில் நான் அந்தக் காரைத் தேடித்தான் போகிறேன் என்று எனக்கே தெரியாது. கோலாலம்பூர் பக்கம் போகலாம் என்றுதான் நடந்தேன். சொட்டைப் பார்த்த பிறகு வேறு எதையும் பார்க்க முடியவில்லை. பஸ்கள் என்னைக் கடந்து போயின. பஸ்ஸில் ஏறினால் சொட்டு தெரியாது.

ஷா ஆலம் தாண்டும்போது சொட்டுகளுக்கு இடையே நாற்பது எட்டு இருபதாகக் குறைந்தது. வெயிலில் தார் இளகி, என் சிலிப்பரின் வார் அறுந்தது. இரண்டையும் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டுப் புல் ஓரமாக நடந்தேன். பத்து தீகா என்ற ஊருக்கு முன்னால் முதல் தேக்கத்தைக் கண்டேன். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எண்ணெய் தேங்கியிருந்தது. பக்கத்துச் செம்மண்ணில் ஒரு சப்பாத்துத் தடம், அதற்குப் பக்கத்தில் கட்டைக் காலும் கைத்தடியும் குத்திய இரண்டு வட்டம், மறுபடி சப்பாத்து, மறுபடி வட்டங்கள். அவர் கீழே இறங்கிக் காரைச் சுற்றி வந்திருக்கிறார். பிறகு ஏறி ஓட்டியிருக்கிறார்.

அடுத்த தேக்கம் இரண்டு மைல் தள்ளி. அதற்கு அடுத்தது அரை மைல். அதற்கும் அடுத்தது கூப்பிடு தூரம்தான். ஒவ்வொரு இடத்திலும் அந்த வட்டங்கள் இருந்தன. இஞ்சின் ஆறும்வரை காத்திருப்பதும், கொஞ்சம் நகர்வதும், மறுபடி நிற்பதுமாகப் போயிருக்கிறார். சுபாங் ஏர்போர்ட்டிலிருந்து வருகிற ரோடு ஹைவேயில் சேரும் இடத்தையும் அவர் கடந்திருந்தார். இனிமேல் அவர் எங்கே நின்றாலும், மகன் வருகிற டாக்சி அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். பிளேன்கள் தலைக்கு மேல் சக்கரத்தை நீட்டிக்கொண்டு இறங்கின. ஒவ்வொன்றையும் நிமிர்ந்து பார்த்தேன். மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. மழை வந்தால் சொட்டு அழிந்துவிடும் என்று வேகமாக நடந்தேன்.

கருகிய எண்ணெய் வாசனைதான் முதலில் வந்தது. பிறகுதான் காரைப் பார்த்தேன். சுங்கை வே ஊருக்கு முன்னால், ஏற்றம் தொடங்குகிற இடத்தில், ஓரமாக நின்றது. அடியிலிருந்து நூல் போலப் புகை வந்துகொண்டிருந்தது. பெரியவர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கட்டைக் காலைக் கழற்றிப் பக்கத்துச் சீட்டில் சாய்த்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

என்னையும் டின்னையும் பார்த்தார். வெறுங்காலையும் பார்த்தார்.

"கிள்ளானில இருந்து நடந்தோ வாறீர்?"

"ஆமாங்க ஐயா."

"நீர் போகும் எண்டனீர்."

அதற்கு நான் சொல்ல வேண்டிய பதில் எனக்குத் தெரியும். ஐந்து மணி நேரமாக அதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டேதான் வந்தேன். வாயைத் திறந்ததும் வேறு வந்தது.

"எண்ணெய் கொஞ்சம் குறைவா ஊத்திட்டோம் போல ஐயா. கையில கொண்டு வந்திருக்கேன்."

அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். நாலு மணி ஆகப் பத்து நிமிஷம்.

"ரெண்டு பேர் நிப்பாட்டிக் கேட்டவை," என்றார். "டோ லோரியைக் கூப்பிடட்டோ எண்டினம். வேண்டாமெண்டன். கட்டி இழுத்துக்கொண்டு போனா எங்கட தெரு முழுக்க வாசலில வந்து நின்டு பாக்கும். மகன் வரும்வரைக்கும் கூடப் பொறுக்காயினம், போன் பண்ணியே சொல்லிப்போடுவினம்."

பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, டின்னில் இருந்த அவ்வளவையும் ஊற்றினேன். இஞ்சினைப் போட்டார். ஊளை பெரிதாகக் கேட்டது. கியரைப் போட்டதும் கார் ஒரு குலுங்கு குலுங்கி நகர்ந்தது. பெரியவரின் முகம் மாறியது. "ஓம், பிடிக்குது, பிடிக்குது!" என்றார். நான் பக்கத்துச் சீட்டில் தாவி ஏறி, அவருடைய கட்டைக் காலை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஏற்றத்தில் பாதி தூரம் போனோம். வழியில் மூன்று பேர் இருந்த மோட்டார் சைக்கிள் ஒன்று எங்களை முந்தியது, அதில் ஒருவன் கையாட்டினான். பெரியவரும் கையாட்டினார். அப்போது காலையில் கேட்ட அதே சத்தம் அடியில் கேட்டது. இந்தத் தடவை பெரிதாக. ஊளை நின்றது. அவர் ஆக்சிலரேட்டரை மிதித்தார். இஞ்சின் அலறியது, கார் போகவில்லை. ஒரு நொடி அப்படியே நின்றது. பிறகு மெதுவாகப் பின்னால் உருள ஆரம்பித்தது.

பின்னால் ஒரு லோரி ஹாரனை அழுத்திக்கொண்டே வந்தது. பெரியவர் பிரேக்கை மிதித்தார். லோரி எங்களை ஒட்டி விலகிப் போனது. அது போன காற்றில் கார் ஆடியது. அவருடைய வலது கால் பிரேக்கைத் தரையோடு அழுத்திக்கொண்டிருந்தது. கட்டைக் கால் என் மடியில் இருந்தது. இரண்டையும் பார்த்தேன்.

"அவன் இந்த வழியாலதான் வருவான்," என்றார். "இதில நிக்கக் கூடாது. கீழ ஒரு சின்ன ரோடு கண்டனான்."

ஏற்றத்தின் அடியில், இடது பக்கம், சுங்கை வே வீடுகளுக்குள் போகிற ரோடு ஒன்று இருந்தது. பின்னால் உருட்டியே அதில் விட வேண்டும். நான் இறங்கிப் பின்னால் நின்று, வருகிற வண்டிகளுக்குக் கை காட்டினேன். அவர் பிரேக்கை விட்டு விட்டுப் பிடித்தார். நூறு அடி சரியாகத்தான் வந்தது. பிறகு கார் என்னை விட வேகமாக வந்தது. நான் புல்லில் விழுந்தேன். பச்சைக் காரின் பின்புறம் என்னைக் கடந்து போனது. ஸ்டியரிங்கை ஒடித்து, அந்தச் சின்ன ரோட்டுக்குள் விட்டு, ஒரு வேலிக்கு முன்னால் நிறுத்தினார். வேலிக்கும் பம்பருக்கும் நடுவே என் உடம்பு நுழையாது.

ஐந்தே கால் வரை அங்கேயே இருந்தோம். ஹைவே எங்களுக்குத் தெரிந்தது. பிளேன் ஒன்று இறங்கியது. அரை மணி கழித்து டாக்சிகள் போயின. எதில் அவருடைய மகன் போனார் என்று தெரியாது. ஒவ்வொரு டாக்சிக்கும் பெரியவர் தலையைக் கொஞ்சம் குனிந்துகொண்டார். கடைசியில் எனக்கு ஒரு தைரியம் வந்தது.

"பாத்திருக்க மாட்டாங்க ஐயா. தப்பிச்சிட்டோம்."

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, காரை ஒளிச்சிட்டம். வெறும் போர்ச்சை எங்க ஒளிக்கிறது?"

முதல் மழைத்துளிகள் பானட்டில் விழுந்து, சூட்டில் காய்ந்தன. அவர் கட்டைக் காலை மாட்டிக்கொண்டார். டேஷ்போர்டில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையாரைப் பிய்த்தெடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். சீட்டு மெத்தையையும் குடையையும் எடுத்தார். காரில் அவருக்கென்று இருந்த சாமான் அவ்வளவுதான். நான் ஹைவேக்கு ஓடிப் போய் ஒரு டாக்சியை நிறுத்தினேன்.

"சாவி உம்மட்ட இருக்கட்டும்," என்றார். "இண்டைக்கு உள்ளுக்கேயே படுத்துக்கொள்ளும். காலமை ஆக்கள் வருவினம். மகனுக்கு நானே சொல்லுறன்."

"ஐயா..." என்றேன்.

டாக்சிக் கதவைப் பிடித்தபடி காத்திருந்தார். நல்ல மழை வந்துவிட்டது. குடையை அவர் விரிக்கவில்லை. நான் கதவைச் சாத்தக் கை நீட்டியதும் ஏறிக்கொண்டார்.

பின் சீட்டில் தூங்கினேன். லோரி கேபினை விட நன்றாக இருந்தது, ஒழுகவில்லை. விடிந்து பார்த்தபோது மழை காரின் அடியைச் சுத்தமாகக் கழுவியிருந்தது. ரோட்டு ஓரச் சாக்கடையில் மட்டும் சிவப்பாக ஒரு படலம்.

ஏழரைக்கு ஒரு டோ லோரி வந்தது. ஓட்டி வந்தவர் நம் ஆள், நாற்பது வயதிருக்கும், நல்ல தொந்தி. இறங்கி காரைச் சுற்றி வந்தார்.

"நீதான் காவலா? மகன்காரரு ராத்திரியே போன் போட்டாரு. வித்தாச்சு. பின்னாலதான் நம்ம கடை, பழைய காரு உடைக்கிறது." குனிந்து அடியில் பார்த்தார். "ஆட்டோ. பின் சக்கரத்துக்குப் போற ஷாஃப்டைக் கழட்டாம இழுத்தா கியர்பாக்ஸ் போயிடும். எனக்கு இந்த வயித்தை வச்சுக்கிட்டு உள்ள நுழைய முடியாது. ஒனக்குக் கழட்டத் தெரியுமா தம்பி?"

"தெரியும் அண்ணே. நேத்து நான்தான் மாட்டினேன்."

"அப்படியா? கியர்பாக்ஸ் எப்படி? நல்லா இருந்தா தனியா வித்துடலாம்."

"பம்ப் உடைஞ்சிருக்கு. கன்வெர்ட்டர் சரியா உக்காரல. அரை அங்குலம் போகாம நின்னுச்சு, போல்ட்டைப் போட்டு இழுத்துட்டேன். உடையிற சத்தமும் கேட்டுச்சு."

ஒரே மூச்சில் வந்துவிட்டது. அந்த மனிதரை நான் பார்த்து மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை. அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார்.

"சரி, இரும்புக்குத்தான் போகும்," என்றார். "கடையில ஆள் இல்ல. வேலைக்கு வரியா?"

"வரேன்."

அவர் லோரியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்துத் தூக்கிப் போட்டார். நான் ஈர ரோட்டில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் நகர்ந்தேன். ஷாஃப்டின் நாலு போல்ட்டும் நேற்று நான் இறுக்கியபடியே இருந்தன. முதல் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன்.